வேலைக்கு வாங்கிய லேப்டாப்பில் ஒரு ஸ்ரீரங்கம்

2022 ஜூன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடை. மேசைமேல் மூன்று லேப்டாப்கள் திறந்து வைத்திருந்தார்கள். மூன்றும் ஏதோ பெரிய கம்பெனிகளில் நான்கு வருடம் உழைத்துவிட்டு, குத்தகை முடிந்து மொத்தமாக வெளியே வந்தவை. என் வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, பணத்தை எடுப்பதற்கு முன்னால் மெதுவாகக் கேட்டேன்: "அண்ணே, இதுல கேம் ஓடுமா?"

"இது ஆட்டோகேட் மெஷின்மா. கேமுக்குன்னா அதோ, கீபோர்டுல கலர் லைட்டு எரியுதே, அந்த மாதிரி பாக்கணும்" என்றார்.

ஊரில் இருந்த தம்பிக்கு போன் போட்டேன். அவனும் அதையேதான் சொன்னான். "அக்கா, க்வாட்ரோ கார்டு வேலைக்குத்தான். கேமெல்லாம் ஓடாது. ஜிடிஎக்ஸ்னு போட்டிருந்தா மட்டும் வாங்கு."

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை என்று எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆனது. மூன்றரை வருடமாக அதே லேப்டாப்பில்தான் பகலில் சம்பாதிக்கிறேன், ராத்திரியில் விளையாடுகிறேன். கையில் ஒரே ஒரு லேப்டாப்புக்குத்தான் காசு இருக்கிறது, அதில் வேலையும் ஓட வேண்டும், விளையாடவும் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செய்வது ஸ்டீல் டீடெய்லிங். ஒரு கட்டடத்தின் இரும்புச் சட்டத்தில் எந்த பீம் எந்தத் தூணோடு எத்தனை போல்ட்டில் சேர வேண்டும், பிளேட்டின் தடிமன் என்ன, துளை எங்கே விழ வேண்டும் என்று முப்பரிமாண மாடலில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பிறகு அதிலிருந்து பட்டறைக்குப் போகும் ஷாப் டிராயிங்கை எடுக்க வேண்டும். கட்டடம் டெக்சாஸில் எழும்பும், வரைகிற நான் திருச்சியில் இருப்பேன். சென்னை ஆபீஸில் நான்கு வருடம் இருந்துவிட்டு வீட்டோடு வந்து சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கியபோது எனக்கென்று ஒரு மெஷின் தேவைப்பட்டது. புதிதாக இருந்தபோது இரண்டு லட்சத்தைத் தாண்டிய லேப்டாப் அது. எனக்கு 58,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு கோர் கொண்ட ஐ7-8850எச் ப்ராசஸர், 32 ஜிபி ரேம், க்வாட்ரோ பி3200 கிராபிக்ஸ் கார்டு.

அந்தக் கார்டின் பெயரில்தான் குழப்பமே தொடங்குகிறது. க்வாட்ரோ என்பது என்விடியா தன் தொழில்முறை கார்டுகளுக்கு இருபது வருடம் வைத்திருந்த பெயர். 2020-ல் அதை விட்டுவிட்டு ஆர்டிஎக்ஸ் ஏ என்று தொடங்கும் பெயர்களுக்கு மாறினார்கள். விளையாட்டுக்கு விற்கும் ஜிஃபோர்ஸ் ஒரு பக்கம், வேலைக்கு விற்கும் க்வாட்ரோ இன்னொரு பக்கம் என்று கடையில் பிரித்து வைப்பதைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சாதி என்று தோன்றும். உள்ளே இருக்கும் சில்லு ஒன்றுதான். என் பி3200-க்குள் இருப்பது ஜிபி104. ஜிஃபோர்ஸ் வரிசையின் ஜிடிஎக்ஸ் 1070, 1080 கார்டுகளுக்குள் இருந்ததும் அதுவே. என் கார்டில் 1792 கூடா கோர்கள், அதாவது படத்தைக் கணக்கிடும் குட்டிக் கணக்கர்கள், திறந்திருக்கின்றன. லேப்டாப்பில் வந்த 1060-ல் 1280, 1070-ல் 2048. கோர் எண்ணிக்கையில் இரண்டுக்கும் நடுவில் நின்றாலும், 75 வாட்டுக்குள் ஓட வேண்டும் என்பதால் வேகத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே கேம்களில் ஏறக்குறைய 1060 போல நடந்துகொள்கிறது.

பழைய கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் மற்ற கார்டுகளையும் இதே கணக்கில் பார்க்கலாம். எம்2000எம் என்றால் 640 கோர், அதாவது ஜிடிஎக்ஸ் 960எம் இருந்த இடம். பி2000 என்றால் 768 கோர், 1050 டிஐ. டி2000 என்றால் 1024 கோர், 1650. க்வாட்ரோ ஆர்டிஎக்ஸ் 3000-ல் 1920 கோர், ஆர்டிஎக்ஸ் 2060-ல் இருக்கும் அதே எண்ணிக்கை. ஆனால் எல்லா இடத்திலும் வேலைக்கார்டுக்கு வாட் கொஞ்சம் குறைவாகவே கொடுத்திருப்பார்கள். அதனால் ஜோடிக் கார்டைவிட ஒரு படி கீழே என்று நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ரிவாட்யூனர் என்ற சிறிய மென்பொருளை வைத்து ஜிஃபோர்ஸ் கார்டை க்வாட்ரோ என்று, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நம்ப வைத்தவர்கள் இருந்தார்கள். குறைந்த விலைக் கார்டை வைத்துக்கொண்டு கேட் (CAD) எனப்படும் வரைபட மென்பொருளில் அதிக விலைக் கார்டின் வேகத்தை எடுப்பதற்காக. இரண்டும் ஒரே மண்ணில் செய்த பானைதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் அதிகக் காசு எதற்கு? ஆட்டோடெஸ்க், டஸோ, சீமென்ஸ், பிடிசி மாதிரியான நிறுவனங்களின் மென்பொருளில் அந்தக் கார்டும் அந்த டிரைவரும் சேர்ந்து பிசகாமல் ஓடுகின்றன என்று சோதித்துச் சான்று வாங்குவதற்கு. ஒரு கேட் மாடலில் திரை முழுக்க மெல்லிய கோடுகள், ஆயிரக்கணக்கில். ஒரு கேமில் தோல் போர்த்திய முக்கோணங்கள். இரண்டையும் வரைகிற சில்லு ஒன்றானாலும், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று டிரைவர் சொல்லிக்கொடுக்கிறது. விளையாட்டுக் கார்டின் டிரைவர் புதுக் கேம் வெளிவரும் அன்றே அதற்கேற்ற திருத்தங்களோடு வரும். வேலைக்கார்டின் டிரைவர் நிதானமாக, சோதனைகள் முடிந்து வரும். புதுக் கேமை முதல்நாளே ஆடித்தான் தீர வேண்டும் என்பவர்களுக்கு அது ஒரு குறை. நான் எந்தக் கேமையும் வெளிவந்து ஒரு வருடம் கழித்து, விலை பாதியான பிறகுதான் வாங்குகிறேன்.

ஒன்றே ஒன்றில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். வேலை மெஷின்களுக்கு வைக்கும் ஒர்க்ஸ்டேஷன் என்ற பெயரை மெல்லிய, கையில் தூக்கினால் காகிதம் போல இருக்கும் மாடல்களுக்கும் ஒட்டி விற்கிறார்கள். க்வாட்ரோ பி500 என்று ஒரு கார்டு உண்டு. 256 கோர், 2 ஜிபி நினைவகம். ஸ்டிக்கரில் அதுவும் க்வாட்ரோதான், பி3200-ம் க்வாட்ரோதான். எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். முதலில் போட்டது விட்சர் 3. 2015-ல் வந்த கேம். 1080பி-யில், ஹை செட்டிங்கில், சில இடங்களில் நிழல்களைக் குறைத்து, வினாடிக்கு ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஃபிரேம் வந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசவே இல்லை. பிறகு, "அக்கா, பயாஸ்ல போய் ஹைப்ரிட்டை எடுத்துட்டு டிஸ்க்ரீட்னு வை" என்றான். பயாஸ் என்பது விண்டோஸ் எழுவதற்கு முன்பே மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள். அதுவரை கார்டு வரைந்த படம் ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு திரைக்கு வந்திருக்கிறது. மாற்றியதும் நேராக வந்தது, நாலைந்து ஃபிரேம் கூடியது. விலை குறைவான பல கேமிங் லேப்டாப்களில் ரொம்ப நாளாக இல்லாத இந்த வசதி, வேலை மெஷின்களின் பயாஸில் சாதாரணமாகவே இருந்திருக்கிறது. பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் வெளியூர் போகும்போது மட்டும் மறுபடி ஹைப்ரிட்டுக்கு மாற்றிவிடுவேன்.

தம்பிக்கு வேண்டியது வேலரன்ட் என்ற துப்பாக்கி விளையாட்டு. அது சாதாரண லேப்டாப்பிலும் ஓட வேண்டும் என்றே செய்த கேம். இதில் நூறு ஃபிரேமுக்கு மேல் தாராளமாக வந்தது. ஆனால் திரை 60 ஹெர்ட்ஸ், வினாடிக்கு அறுபது படம்தான் காட்டும். நிறம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்த பேனல், வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்தது கிடையாது. சட்டென்று திரும்பினால் பின்னால் ஒரு மங்கலான தடம் தெரியும். ஒரு நொடிக்குள் சுட வேண்டிய விளையாட்டில் அது இடைஞ்சல்தான். அவன் தன் காசில் பழைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை வாங்கி டிஸ்ப்ளேபோர்ட்டில் சொருகிய பிறகே திருப்திப்பட்டான்.

வேலரன்டோடு இன்னொரு யோசனையும் வந்தது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்ட், விண்டோஸ் எழும்போதே கூடவே எழுந்து கெர்னல் மட்டத்தில், அதாவது விண்டோஸின் அடிவயிற்றில், உட்காரும். கேமுக்கு அது தேவையாக இருக்கலாம். என் வாடிக்கையாளரின் கட்டட வரைபடங்கள் இருக்கும் அதே விண்டோஸில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கேதான் வேலை மெஷினின் கட்டுமானம் கை கொடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட எஸ்எஸ்டி போட இடம் இருந்தது. இரண்டாவதாக ஒரு 1 டிபி எஸ்எஸ்டி வாங்கி, அதில் தனியாக விண்டோஸ் போட்டு, வேலை இருக்கும் எஸ்எஸ்டியை விண்டோஸின் பூட்டும் வசதியான பிட்லாக்கரால் பூட்டிவிட்டோம். விளையாட்டு விண்டோஸில் இருந்து பார்த்தால் வேலை டிரைவ் வெறும் பூட்டிய பெட்டி. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. லேப்டாப் உங்கள் சொந்தமாக இருந்தால் இந்த ஏற்பாட்டைக் கட்டாயம் செய்யுங்கள். கம்பெனி கொடுத்த லேப்டாப்பாக இருந்தால் அதில் கேமே வேண்டாம். அது நம் பொருள் இல்லை, அதற்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வேலையைப் பணயம் வைக்கும் அளவுக்கு எந்த விளையாட்டும் பெரிதில்லை.

இனி என் விளையாட்டு. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ். பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் உருவாக்கி 2015-ல் வெளிவந்த நகரம் கட்டும் கேம். ரோடு போடலாம், குழாய் இழுக்கலாம், பஸ் விடலாம். மனிதர்கள் தாங்களாகவே குடியேறி, வேலைக்குப் போய், நெரிசலில் மாட்டி, வயதாகி இறந்தும் போவார்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பித்து என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நான் வரைகிற கட்டடங்களை நான் பார்ப்பதில்லை. ஒரு மருத்துவமனையின் அவசர வழிப் படிக்கட்டுக்கு மூன்று வாரம் செலவழிப்பேன். ஒவ்வொரு படியின் ஆங்கிள், கைப்பிடி சேரும் பிளேட், வெல்டின் நீளம் எல்லாம் என் கை வழியாகப் போகும். கோப்பை அனுப்பியதும் அது என்னைவிட்டுப் போய்விடும். அந்தப் படிக்கட்டில் யார் இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேமில் நான் போட்ட ரோட்டில் ஒரு பஸ் போகும், அதில் இருந்து ஒருவர் இறங்கி நான் வைத்த பூங்காவுக்குள் நடப்பார். அவரைக் கிளிக் செய்தால் பெயர்கூட வரும். பகல் முழுக்க போல்ட் போல்ட்டாக வேலை செய்யும் ஒருத்திக்கு ராத்திரியில் ஒரு முழு ஊரையே பார்க்கக் கிடைப்பது பெரிய நிம்மதி.

இந்த மாதிரி கேமுக்குத்தான் வேலை மெஷின் பிறந்திருக்கிறது என்று சொல்வேன். துப்பாக்கி விளையாட்டுகள் கிராபிக்ஸ் கார்டைக் கேட்கும், திரையின் வேகத்தைக் கேட்கும். நகரம் கட்டும் கேம் ரேமைக் கேட்கும், மணிக்கணக்கில் தளராமல் ஓடும் ப்ராசஸரைக் கேட்கும். நான் டீடெய்லிங் செய்யும் மென்பொருளான டெக்லாவில் பெரிய மாடல் திறந்திருக்கும்போது என் லேப்டாப்பிடம் நான் கேட்பதும் அதேதான். ரசிகர்கள் செய்து பகிரும் கட்டடங்கள், மரங்கள், பஸ்கள் எல்லாவற்றையும் இறக்கிச் சேர்த்தால், கேம் திறக்கும்போதே அத்தனையையும் ரேமில் ஏற்றிக்கொள்ளும். என் நகரம் ஒரு கட்டத்தில் 22 ஜிபியைத் தொட்டது. வழக்கமான 16 ஜிபி லேப்டாப்பில் அது திறப்பதற்குள் மூச்சு வாங்கியிருக்கும். என் மெஷினில் நான்கு ரேம் ஸ்லாட். இரண்டு பின்மூடிக்குக் கீழே, இரண்டு கீபோர்டுக்குக் கீழே. வேலைக்காக 64 ஜிபி ஆக்கினேன். அதன் முதல் பலனை அனுபவித்தது விளையாட்டுதான் என்பதை ஒளிப்பானேன்.

நான் கட்டிக்கொண்டிருப்பது திருச்சி. கற்பனை ஊர்கள் இரண்டு கட்டிய பிறகு, சொந்த ஊரையே கட்டினால் என்ன என்று தோன்றியது. நிஜ நிலத்தின் மேடுபள்ளத்தை ஒரு சாம்பல்நிறப் படமாக மாற்றி கேமுக்குள் ஏற்ற முடியும். 1081-க்கு 1081 புள்ளிகள், மொத்த நிலம் 17.28 கிலோமீட்டர் சதுரம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 16 மீட்டர் இடைவெளி. இந்தக் கணக்குப் போட்டதுமே இரண்டு கஷ்டங்கள் தெரிந்தன. 83 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும் மலைக்கோட்டை, 16 மீட்டர் கட்டங்களில் உருண்டு மழுங்கி ஒரு மணல்மேடாகத்தான் வரும். அப்புறம், முக்கொம்பும் கல்லணையும் ஒரே படத்துக்குள் அடங்காது. காவிரி இரண்டாகப் பிரியும் இடமும், பிரிந்த இரண்டும் மறுபடி நெருங்கும் இடமும் இரண்டுமே இல்லாமல் ஸ்ரீரங்கம் தீவு எப்படித் தீவாகும்? ஏதாவது ஒன்றை விட வேண்டும். பல நாள் யோசித்து கல்லணையை வெட்டினேன். கரிகாலன் மன்னிக்க வேண்டும்.

பிறகு தண்ணீர். இந்த கேமில் நதி வெறும் நீல வண்ணம் இல்லை. ஊற்று ஒன்றை வைத்தால், தண்ணீர் நிலத்தின் சரிவைப் பார்த்து ஓடும், பள்ளத்தில் தேங்கும், கரையைத் தாண்டும். நான் எடுத்த நில உயரங்கள் 2000-ல் ஒரு விண்வெளி ஓடத்தில் இருந்து ரேடாரில் அளந்தவை. மலைநாட்டுக்கு அது போதும். நம் டெல்டா நிலத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசமே சில மீட்டர்தான், அந்த அளவீட்டில் வரும் பிழையும் அதே அளவு இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு முக்கொம்புப் பக்கம் ஊற்றைத் திறந்துவிட்டு, அதிவேகத்தில் ஓட விட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் ஸ்ரீரங்கம் முழுக்கத் தண்ணீர். காவிரி கொள்ளிடத்தைத் தேடாமல் நேராக நடுத்தீவில் ஏறியிருந்தது.

மூன்று வாரம் அதைச் சரிசெய்தேன். கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது, வெள்ளம் வந்தால் அதிகத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் இறங்கும் என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். அதைக் கையால் தோண்டித் தோண்டி அமைத்தபோதுதான் அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய சரிவில் நிற்கிறது என்று உடம்பில் ஏறியது. கொள்ளிடத்தை ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் காவிரி வறண்டது. அரை மீட்டர் நிரப்பினால் திருவானைக்காவல் மூழ்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தண்ணீர் முழுதாக ஓடி நிற்க ஐந்தாறு மணி நேரம். அத்தனை ராத்திரியும் லேப்டாப் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. பகலில் அதே லேப்டாப்பில் வேலை.

அது 2023 மே மாதம். அக்கினி நட்சத்திரம். திருச்சியில் வீட்டுக்குள்ளேயே ராத்திரி பதினொரு மணிக்கு 34, 35 டிகிரி. ஃபேன் சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. ப்ராசஸர் 97 டிகிரியில் நின்றது. 100-ஐத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் அண்டர்வோல்ட், அதாவது ப்ராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் அந்தக் கதவைப் பூட்டிவிட்டது. என்னுடையதும் பூட்டியிருந்தது. பவர் செட்டிங்கில் ப்ராசஸரின் உச்ச அளவை 99 சதவீதம் என்று வைத்தால் டர்போ என்ற கூடுதல் வேகம் நின்று, வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸில் தங்கிவிடும், சூடு கடகடவென்று இறங்கும். கிராபிக்ஸ் கார்டை நம்பியிருக்கும் கேம்களுக்கு அது நல்ல வழி, இன்றைக்கும் வெயில் காலத்தில் அப்படித்தான் ஆடுகிறேன். நகரத்துக்கு அது சரிப்படவில்லை, மக்கள் எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பது போல நடந்தார்கள்.

திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதுவரை ஃபேன் வரைக்கும் ஒரு லேப்டாப்பைக்கூட நான் பிரித்ததில்லை. ஆனால் இந்த வகை மெஷின்களுக்கு ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறது, எதை முதலில் கழற்ற வேண்டும் என்று படத்தோடு சொல்லும் சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளர்களே இலவசமாகக் கொடுக்கிறார்கள். பின்மூடியின் திருகுகள் கழன்று கீழே விழாமல் மூடியோடே தங்கின. தம்பி போன் டார்ச்சைப் பிடித்தான். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசு படிந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டையாக இறுகியிருந்தது. இடுக்கியால் எடுத்தபோது ஒரே துண்டாக வந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் நான்கு வருடத் தூசும் எங்கள் வீட்டு ஒரு வருடத் தூசும். சில்லின் சூட்டைச் செம்புக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொரிந்திருந்தது. துடைத்துவிட்டு, புது பேஸ்ட்டை அரிசி அளவு வைத்து, மேனுவலில் போட்ட வரிசை எண்படியே திருகுகளை முறுக்கினோம். அன்று ராத்திரி அதே வெக்கையில் 83 டிகிரி. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் பணம் கொடுத்த வாரமே இதைச் செய்துவிட வேண்டும். நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டது தப்பு.

இன்னொரு தப்பு, சார்ஜர். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டேன். செங்கல் அளவு இருக்கும் 240 வாட் சார்ஜர் அது. அங்கே ஒரு கடையில் பின் பொருந்துகிற டூப்ளிகேட் ஒன்றை வாங்கினேன். மறுநாள் காலை டெக்லா திறக்கவே பத்து நிமிடம். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ப்ராசஸர் 0.79 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது. லேப்டாப் பழுதாகிவிட்டது என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. கடைசியில் தெரிந்தது, பின்னின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசி வழியாக சார்ஜர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். அடையாளம் தெரியாத சார்ஜர் என்றால் மெஷின் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடும், பேட்டரியும் ஏறாது. பழைய லேப்டாப் வாங்கும்போது ஒரிஜினல் சார்ஜரோடு கொடுக்கிறார்களா, அதன் வாட் எவ்வளவு என்று பாருங்கள். கேம் ஆடும்போது கார்டும் ப்ராசஸரும் சேர்ந்து இழுக்கும், குறைந்த வாட் சார்ஜரில் சொருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கத் தொடங்கும்.

2025-ல் ஒரு செய்தி வந்தது. பி3200 பிறந்த பாஸ்கல் தலைமுறையின் ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிகிறது, அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று என்விடியா சொல்லிவிட்டது. என் கார்டும் அதே குடும்பம். புதிதாக வாங்க நினைப்பவர்கள் இப்போது பாஸ்கலை விட்டுவிட்டு அதற்கு அடுத்த தலைமுறையைப் பார்ப்பது நல்லது. டி2000, ஆர்டிஎக்ஸ் 3000 என்று பெயர் இருக்கும். நான் மாற்றுவதாக இல்லை. என் கேம் 2015-ல் வந்தது, அதற்குப் புது டிரைவர் தேவையில்லை. அதன் இரண்டாம் பாகம் 2023-ல் வந்தது, அதை இந்தக் கார்டு தாங்காது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, என் திருச்சி முதல் பாகத்தில்தான் இருக்கிறது.

இப்போது ஸ்ரீரங்கத்தின் சுற்றுத் தெருக்களைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக, ஒன்றுக்குள் ஒன்று. உத்திர வீதிகள், அவற்றைச் சுற்றிச் சித்திரை வீதிகள், எல்லாவற்றையும் வளைத்து அடையவளைந்தான். கேமின் ரோடுகள் அகலமானவை, கோயில் வீதிகளின் கணக்குக்கு ஒத்துவராது. ஒரு மூலையைச் சரிசெய்தால் அடுத்த மூலை கோணும். ராஜகோபுரத்துக்கு 72 மீட்டர் உயரத்தில் நானே ஒரு மாடல் செய்து ஏற்றியிருக்கிறேன். வேலையில் கற்றது அங்கே உதவியது.

போன வாரம் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமாகப் போவது போலப் போகாமல் நின்றார். திரையில் தெற்கு கோபுரத்தில் இருந்து காவிரி வரை ரோடு தெரிந்தது. விரலை வைத்து அந்த வழியே இறங்கினார். ஆற்றங்கரையில் விரல் நின்றது.

"அம்மா மண்டபம் எங்கடி?"

வைக்கவில்லை. வெறும் மண்கரைதான் இருந்தது. "இன்னும் அங்க வரலம்மா" என்றேன்.

"ஆடிப்பெருக்குக்கு எங்க போய் நிப்பாங்க எல்லாரும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி வேலையை முடித்துவிட்டு, படித்துறைக்குப் பொருந்துகிற கல்படி மாடல்களைத் தேடி இறக்கினேன். ஒன்றும் சரியாக அமையவில்லை. கடைசியில் டெக்லாவில் படிக்கட்டு வரைகிற பழக்கத்தில், நானே ஒன்றை உட்கார்ந்து செய்யத் தொடங்கினேன். பதினோரு படி ஆகியிருக்கிறது. கீழ்ப்படி தண்ணீரைத் தொட, காவிரியை இன்னும் முக்கால் மீட்டர் உயர்த்த வேண்டும். இன்றைக்கு ராத்திரி ஊற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.